காளானுக்கு விட்ட அறை

வைக்கோல் அவிப்பது லிஃப்ட்காரரின் வேலை. வீட்டில் எல்லோரும் குளிக்க வெந்நீர் போடும் பெரிய அலுமினியத் தவலையில், விரல் நீளத்துக்கு நறுக்கி முதல் நாளே ஊறப்போட்ட வைக்கோலை அமுக்கி வைப்பார். அது மிதந்து வராமலிருக்க ஒரு தட்டைக் கவிழ்த்து, தட்டின் தலையில் மனைவியின் பழைய இஸ்திரிப் பெட்டியை ஏற்றுவார். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அடுப்பைத்தான் பார்ப்பார், சமையலறைக்குள் யார் வந்தாலும் திரும்ப மாட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சம்பளம் வாங்கியவர். வேறு மாதிரி நிற்க அவருக்குத் தெரியாது.

"மாமா, நேத்து கிளினிக்ல ஒரு பேஷண்ட் என் பக்கத்துல வந்து மோந்து பாத்துட்டு, 'வீட்ல மாடு எத்தனை?'ன்னு கேக்கறார்" என்றாள் மருமகள், கையில் வாளியோடு காத்துக்கொண்டு. அவள் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள்.

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தைச் சொல்ல? எங்க மாமா காளான் போடறார், வைக்கோல் வேகற தவலையிலதான் நான் குளிக்கறேன்னு சொன்னா, எனக்கே ஒரு டோக்கன் குடுத்து உக்கார வெச்சுடுவாங்க."

"தவலையில குளிக்கலையேம்மா. தவலைத் தண்ணியிலதானே குளிக்கறே" என்றார் லிஃப்ட்காரர், அடுப்பிடம்.

கூடத்திலிருந்து தையல்காரம்மா என்னவோ சொன்னாள். வாயில் குண்டூசி இருந்ததால் அது வெறும் "ம்ம்ம்" என்று வந்தது. லிஃப்ட்காரரின் மனைவிக்கு அது தொழில் பழக்கம். துணியில் குத்த வேண்டிய குண்டூசிகளை உதட்டுக்கு நடுவில் வரிசையாகக் கவ்விக்கொண்டுதான் வேலை செய்வாள். குண்டூசி வாயில் இருக்கும்போது பேச மாட்டாள். பேசப் பிடிக்காதபோது குண்டூசி வாயில் இருக்கும். இரண்டில் எது என்று கல்யாணம் ஆகி இத்தனை காலத்துக்கு அப்புறமும் அவரால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

அவர் லிஃப்ட் ஓட்டியது ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில். இழுத்துச் சாத்தும் இரும்புக் கிராதிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். கதவு ஒரு விரக்கடை திறந்திருந்தாலும் நகராது. மேலே எங்கோ மணி அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் உலகத்தில் அவருக்கு இரண்டே நிலைமைகள். கதவு சாத்தியிருந்தால் எல்லாம் சரி. திறந்திருந்தால் ஏதோ கோளாறு. வீட்டில் யாராவது அலமாரியைத் திறந்து வைத்துவிட்டு யோசித்துக்கொண்டு நின்றால் அவருக்குக் காதுக்குள் மணி அடிக்கும்.

தையல்காரம்மாவை அவர் முதலில் பார்த்தது அந்த லிஃப்டில்தான். பார்த்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது மாடியில் பொத்தான் மொத்த வியாபாரி ஒருவர் கடை வைத்திருந்தார். அவள் அங்கே வருவாள். ஒரு நாள் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோனது. ஆள் வந்து சரிசெய்கிறவரை சும்மா இருக்கப் பிடிக்காமல், அவருடைய கால்சட்டையில் பிரிந்து தொங்கிய மடிப்பைக் கீழே உட்கார்ந்து தைத்துவிட்டாள். அத்தனை நேரமும் அவர் திரும்பவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு ஆம்பளையா என்று வீட்டில் போய்ச் சொன்னாளாம். அது பண்பு இல்லை, உத்தியோகம் என்று கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது.

கட்டடத்தில் தானே ஓடும் புது லிஃப்டை வைத்தார்கள். பழைய லிஃப்டோடு அவரையும் இறக்கிவிட்டார்கள். ஞாபகத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, தான் உட்கார்ந்த ஸ்டூலைக் கேட்டார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறு மாடியும் படியேறிப் போய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். படி என்று ஒன்று அந்தக் கட்டடத்தில் இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்ததாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஸ்டூல் இருந்தது, அதைப் போட இடம் இல்லை.

கூடம் தையல்காரம்மாவினுடையது. அங்கே மெஷின், வெட்டுகிற மேஜை, கண்ணாடி. அளவு கொடுக்கப் பெண்கள் வருவார்கள். கழுத்தில் மாலை மாதிரி தொங்கும் அளவு டேப்பை அவள் கையில் எடுத்தால் லிஃப்ட்காரர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். டேப் ஒரு நாளைக்கு எத்தனை தரம் இறங்கும் என்று சொல்ல முடியாது. படுக்கையறை மகனுடையது. அவனுக்குப் பார்சல் டெப்போவில் இரவு வேலை, பகலெல்லாம் தூங்குவான். சமையலறையில் மருமகள் இல்லாத நேரத்தில் மருமகளின் துணிக்கொடி இருக்கும். பால்கனியில் அத்தனை பேர் துணியும் சொட்டும். மாடிப்படியில் போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோரும் "என்ன சார், துரத்திட்டாங்களா?" என்று கேட்டார்கள். கீழ்வீட்டுக்காரர் அனுதாபப்பட்டுத் தானும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு, தன் மனைவியைப் பற்றி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். மறுநாளிலிருந்து லிஃப்ட்காரர் படிக்குப் போகவில்லை.

காளான் வகுப்புக்கு அவர் போனதும் இதனால்தான். ஒரு நாள் டேப் இறங்கியதும் தெருவில் இறங்கி நடந்தவர், ஒரு கூடத்தில் வரிசையாக நாற்காலி போட்டிருந்ததைப் பார்த்தார். உள்ளே போய் உட்கார்ந்தார். என்ன விசேஷம் என்றுகூடக் கேட்கவில்லை. வீட்டில் காளான் வளர்க்க, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இலவச வகுப்பு. நடத்தியவர் காளான் விதை விற்கிற அம்மாள் ஒருவர். வெண்மை படர்ந்த தானியம் நிரம்பிய பைகளை மேஜையில் அடுக்கிவைத்திருந்தார். அதைத்தான் விதை என்றார்.

"பெரிய இடமெல்லாம் வேண்டாம். சின்ன ரூம் போதும். வெயில் படக் கூடாது. விதை போட்டுப் பையைக் கட்டி வெச்சுட்டு, பை முழுக்க வெள்ளை படர்ற வரைக்கும் கதவைச் சாத்திடுங்க. யாரும் போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது."

லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சின்ன அறை. இருட்டு. கதவைச் சாத்திவிட வேண்டும். யாரும் வந்து தொந்தரவு செய்யக் கூடாது. இத்தனை நாளாகத் தான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று பட்டது. விதைக்காரம்மா அதற்கப்புறமும் வெகுநேரம் பேசினார். மொட்டு வந்த பிறகு என்னென்ன மாற்ற வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருப்பார். இவர் அதற்குள் மனசுக்குள் வீட்டுக்குப் போய், ஸ்டோர் ரூமில் ஸ்டூலை எந்த மூலையில் போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டோர் ரூம், குளியலறைக்குப் போகிற நடையின் ஓரத்தில் இருந்தது. உயரத்தில் கண்ணாடி பதித்த ஒரு சின்ன ஜன்னல், துணி வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள் அடைத்த மூட்டைகள், ஐந்து தட்டு வைத்த ஓர் இரும்பு அலமாரி.

"அது ஓவர்லாக் மெஷினுக்குன்னு பேசி வெச்சதாச்சே" என்றாள் தையல்காரம்மா. துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற மெஷின் அது. வெகுநாள் ஆசை. சொல்லிவைத்திருந்தாள், வரவேண்டியதுதான் பாக்கி.

"வர்ற வரைக்கும் சும்மாதானே கிடக்கு?"

"காளானைக் கண்டாலே உங்களுக்கு ஆகாதே. சூப்புல ஒரு துண்டு கிடந்துச்சுன்னு கிண்ணத்தைத் தள்ளி வெச்ச ஆளு."

"திங்கறதுக்கா வளக்கறேன்?"

"பின்னே, எதுக்கு? கொஞ்சறதுக்கா?"

அவர் கதவைப் பார்த்தார். வீட்டில் உட்கார ஓர் இடம் வேண்டும் என்று மனைவியிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. காளானுக்கு இடம் வேண்டும் என்று கேட்பதில் கூச்சம் இல்லை.

தையல்காரம்மா வாயிலிருந்த குண்டூசிகளைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் அப்படிச் செய்தால் அது கடைசிப் பேச்சு என்று அர்த்தம். "சரி, கேட்டுக்குங்க. மெஷின் வர்றதுக்குள்ள, நாம நாலு பேரும் ஒரு வேளை சாப்பிடற அளவுக்கு, பாத்தா காளான்னு சொல்ற மாதிரி வந்துச்சுன்னா, ரூம் காளானுக்கு. இல்லேன்னா மெஷினுக்கு. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"சொன்ன சொல் மாற மாட்டியே?"

"நான் அளவே மாத்தினதில்லை. சொல்லையா மாத்துவேன்?"

மறுநாளே பழக்கடைக்குப் போய், பெட்டிகளுக்குள் பழத்துக்கு மெத்தையாகப் போட்டு வரும் வைக்கோலைக் கேட்டு வாங்கிவந்தார். அவித்த வைக்கோலை நிழலில் துணி விரித்து உலர்த்தி, ஒரு பிடியை இறுக்கிப் பிழிந்தால் ஈரம் கையில் ஒட்ட வேண்டும், ஆனால் சொட்டு விழக் கூடாது என்று விதைக்காரம்மா சொன்ன பதத்துக்குக் கொண்டுவந்தார். மருமகள் கிளினிக்கிலிருந்து ஸ்பிரிட் கொண்டுவந்து, அவர் கையில் ஊற்றி முழங்கை வரை தேய்க்கச் சொன்னாள். "ஆபரேஷனுக்குப் போற டாக்டர்கூட இப்படித் தேய்க்க மாட்டார் மாமா" என்று சிரித்தாள். பிளாஸ்டிக் பையில் வைக்கோல் ஓர் அடுக்கு, விதை ஓர் அடுக்கு, மறுபடி வைக்கோல் என்று அமுக்கி வைத்து, வாயைக் கட்டினார். பையைச் சுற்றிலும் துளை போடத் தையல்காரம்மா ஒரு தடித்த ஊசியைத் தந்தாள். தந்துவிட்டு, "திருப்பிக் குடுத்துடணும்" என்றாள்.

அலமாரியின் ஐந்து தட்டுகளையும் அவர் மாடியாகத்தான் பார்த்தார். யாரும் சொல்லித்தரவில்லை; அடித்தட்டில் பையை வைக்கும்போதே வாய் தானாக "கிரவுண்டு" என்றது. அதற்கு மேல் வைத்த பைகளுக்கு ஆள் பேரும் வந்துவிட்டது. இரண்டாவது மாடியில் வக்கீல், மூன்றாவதில் பல் டாக்டர், நாலாவதில் பொத்தான் வியாபாரி. பழைய கட்டடத்தில் இருந்த அதே வரிசை.

கதவைச் சாத்தினார். ஸ்டூலைப் போட்டார். உட்கார்ந்தார். வெளியே டேப் இறங்கியது, ஏறியது. அவரை யாரும் எழுப்பவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்த நாட்கள்தான் அவருக்கு நல்ல நாட்கள். காலையில் ஒரு ஷிஃப்டு, சாப்பிட்டுவிட்டு ஒரு ஷிஃப்டு. பைக்குள் வெள்ளை நூல் படர ஆரம்பித்தது. வைக்கோலைப் பஞ்சு போர்த்தியது மாதிரி மூடிக்கொண்டு வந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து செய்தி சொல்லுவார்.

"பல் டாக்டர் பாதிக்கு மேல வெள்ளை ஆயிட்டார்."

"பொத்தான்காரர்?" என்று மகன் அரைத் தூக்கத்தில் கேட்பான்.

"அவர் மெதுவாத்தான் வருவார். எப்பவும் அப்படித்தான். ஆனா வக்கீல்தான்… வக்கீல் ஓரத்துல பச்சை தட்டுது."

பச்சை என்றால் வேறு பூசணம் புகுந்துவிட்டது, அந்தப் பையை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றவற்றுக்கும் பரவும். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தி அவரைப் பார்த்தார்கள்.

"காலி பண்ணிட வேண்டியதுதான்" என்றாள் தையல்காரம்மா. "எத்தனை வருஷம் வக்கீல் உங்களை லிஃப்டுல காத்திருக்க வெச்சிருப்பார்?"

வக்கீலைச் சாயங்காலம் குப்பை வண்டியில் ஏற்றினார்கள்.

பை முழுக்க வெளுத்ததும் பக்கங்களில் பிளேடால் கீறிவிட்டார். தண்ணீரைப் புகை மாதிரி தெளித்தார். சட்டைக்கு இஸ்திரி போடும்போது தையல்காரம்மா தெளிக்கிற பாட்டில்தான். கீறின இடங்களில் குண்டூசித் தலைகளைப் போல மொட்டுகள் வந்தன. அன்று மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார்.

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "என் வாயிலேருந்து விழுந்ததோன்னு பாத்தேன்" என்றாள். உள்ளூர அவளுக்கும் சந்தோஷம்தான். அதைக் காட்டிக்கொள்ளாமல், கடைக்குப் போன் போட்டு மெஷின் எப்போது வரும் என்று விசாரித்தாள். அடுத்த வாரம் என்றார்கள்.

அடுத்த வாரம் என்றதும் லிஃப்ட்காரர் ஷிஃப்டைக் கூட்டிவிட்டார். மொட்டுகளை விட்டு நகரவில்லை. சாப்பாட்டையும் உள்ளே கொண்டுபோய் முடித்தார். கூட இருந்தால் சீக்கிரம் வளரும் என்று ஒரு நம்பிக்கை. நோயாளி பக்கத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். துளி இடம் விடாமல் கதவுக்கடியில் துணிப்பந்தும் செருகினார்.

வளர்ந்தது. வளர்ந்த விதம்தான் சரியில்லை. தண்டு மட்டும் மேலே மேலே போயிற்று. வெளிறி, ஒல்லியாக, வளைந்து நெளிந்து போயிற்று. தலையில் குடை விரியவே இல்லை. விரிந்த ஒன்றிரண்டும் சட்டைப் பொத்தான் அளவுக்கு மேல் இல்லை. எல்லாம் கூட்டமாகக் கதவுப் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.

"மாமா, இது காளானா, காது குடையற பஞ்சுக் குச்சியா?" என்றாள் மருமகள்.

"அது ஒண்ணுமில்லம்மா. எந்த மாடி வந்திருக்குன்னு எட்டிப் பாக்குதுங்க."

மகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். "இல்லப்பா. இது வேற. என் டெப்போல வேலை முடியறப்போ வாசல்ல எல்லாரும் இப்படித்தான் நிப்போம்."

தையல்காரம்மா டேப்பை எடுத்து ஒரு தண்டை அளந்தாள். குடையையும் அளந்தாள். "உடம்பு இவ்வளவு, தலை இவ்வளவு. இதுக்கு நான் துணி வெட்டினா யாரும் போட மாட்டாங்க. பாத்தா காளான்னு சொல்லணும்னுதானே பேச்சு?"

அவர் முகம் விழுந்துவிட்டது. அன்றைக்கே போய் விதைக்காரம்மாவைக் கையோடு கூட்டிவந்தார். அந்த அம்மாள் வாசலில் செருப்பை விட்டு, நடையைக் கடந்து, ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தார். திறந்தவர் ஓர் அடி பின்வாங்கி, முகத்துக்கு முன்னால் கையை விசிறிக்கொண்டார். வீட்டில் எல்லோரும் பின்னால் நின்றார்கள்.

"அந்த ஸ்டூல் யாரோடது?"

"என்னோடதுதான்" என்றார் லிஃப்ட்காரர், பெருமையாக.

"பை வைக்கவா?"

"இல்லே. உக்காரத்தான்."

"இதுக்குள்ளயா? கதவைத் திறந்து வெச்சுக்கிட்டா?"

"திறந்தா எப்படிங்க? சாத்தித்தான். நீங்கதானே சாத்தச் சொன்னீங்க? துணியும் வெச்சு அடைச்சிருக்கேன். ஒரு எறும்பு வராது."

"எவ்வளவு நேரம் உக்காருவீங்க?"

"மொட்டு வந்ததிலேருந்து பூராவும்."

விதைக்காரம்மா அலமாரியைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், லிஃப்ட்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயா, சாத்தி வைக்கறது வெள்ளை படர்ற வரைக்கும்தான். மொட்டு வந்தா காத்து வேணும். காளானும் நம்ம மாதிரி மூச்சு விடுது. அது விட்ட மூச்சே இந்த ரூமுக்கு அதிகம். நீங்க வேற உள்ள உக்காந்து மூச்சு விட்டிருக்கீங்க. மூச்சு முட்டித்தான் அது இப்படிக் கழுத்தை நீட்டுது."

"அப்ப என் மூச்சுதான் கெடுத்துச்சா?"

"உங்க மூச்சுன்னு இல்லீங்க. யார் மூச்சா இருந்தாலும் இப்படித்தான்."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் தையல்காரம்மா. "இத்தனை வருஷம் பக்கத்துல படுத்திருக்கேனே, எனக்குத் தெரியாதா? என் கழுத்து ஏன் இப்படி நீண்டு கிடக்குன்னு இன்னிக்குத்தான் புரியுது."

மருமகள் சிரிப்பை அடக்கக் குளியலறைக்குள் போய்விட்டாள். விதைக்காரம்மா எல்லாவற்றையும் அடியோடு திருகி எடுத்துவிடச் சொன்னார். அதே பையிலிருந்து மறுபடியும் மொட்டு வரும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், நடுநடுவே கதவைத் திறந்து காற்றை மாற்ற வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும். "தெளிச்சுட்டு வெளிய வந்துடுங்க. உள்ள யாரும் இருக்கக் கூடாது" என்று அவரைத் தனியாகப் பார்த்து இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போனார்.

லிஃப்ட்காரர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கதவைத் திறந்து வைத்து உள்ளே உட்கார்ந்து பார்த்தார். காதுக்குள் மணி அடித்தது. எழுந்து எழுந்து சாத்தினார். மருமகளிடம் கிளினிக் மாஸ்க் கேட்டு வாங்கி மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். "மாஸ்க்குல வெளிய போற மூச்சு போய்க்கிட்டுத்தான் மாமா இருக்கும்" என்றாள் அவள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். நடையில் நின்று மூச்சை இழுத்துக்கொள்வது, உள்ளே போய் உட்கார்வது, முட்டும்போது வெளியே ஓடிவந்து விடுவது. ஒரு காலை நேரம் முழுக்க இப்படிப் போனதும் வந்ததுமாக இருந்தார்.

"அத்தை, மாமா முகம் ஊதா கலர்ல இருக்கு. கிளினிக்குக் கூட்டிட்டுப் போயிடுவோமா?"

தையல்காரம்மா வந்து குண்டூசியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஏங்க, உங்களைத்தான். ரூம் வேணுமா வேண்டாமா?"

"வேணும்."

"வேணும்னா வெளிய வாங்க."

அவர் வெளியே வந்தார். ஸ்டூலை நடையில், ஸ்டோர் ரூம் கதவை ஒட்டிப் போட்டுக்கொண்டார். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இது அவருக்குப் பழகின இடம். கைக்கு எட்டுகிற தூரத்தில் கதவு. இழுத்துத் திறப்பார், கொஞ்சம் பொறுப்பார், சாத்துவார். மறுபடி திறப்பார். திறந்திருக்கிற நேரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொள்வார். ஒரு விசிறிகூட அந்த அறைக்குள் அவ்வளவு ஒழுங்காகக் காற்றை மாற்றியிருக்காது. குளியலறைக்குப் போக அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். யார் வந்தாலும் வாய் தானாக "எத்தனாவது?" என்று கேட்கும். மகன் தூக்கக் கலக்கத்தில் "கிரவுண்டு" என்று சொல்லிவிட்டுப் போவான்.

அவருக்கு ஒரு மனக்கணக்கு இருந்தது. இது தற்காலிகம். காளான் வந்து அறை தீர்மானமாகிவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மெஷின் கடையிலிருந்து இரண்டு தரம் போன் வந்தது, இரண்டு தரமும் தள்ளிப்போனது. இரண்டு தரமும் தையல்காரம்மா திட்டினாள். லிஃப்ட்காரர் நடையில் உட்கார்ந்தபடி வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அங்கே வானம் இல்லை, ஒட்டடைதான் இருந்தது.

மொட்டு மறுபடி வந்தது. இந்தத் தரம் எட்டிப் பார்க்கவில்லை. குட்டைத் தண்டில், ஒன்றின் மேல் ஒன்றாக, உள்ளங்கை அகலத்துக்குக் குடை விரித்தது. சாம்பலும் வெள்ளையுமாக, அடியில் மடிப்பு மடிப்பாக. தையல்காரம்மா அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்து, "கொசுவம் பிடிச்ச மாதிரி என்ன ஒழுங்கு" என்றாள். டேப்பை எடுக்கவே இல்லை. பல் டாக்டரிடமிருந்தும் பொத்தான் வியாபாரியிடமிருந்தும் பறித்ததே ஒரு முறம் நிறைய இருந்தது.

மருமகள் வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கினாள். நாலு பேரும் சாப்பிட்டார்கள். லிஃப்ட்காரர் ஒரு துண்டைக்கூட ஓரமாக ஒதுக்கவில்லை. மென்று விழுங்குவதை மூன்று பேரும் வேடிக்கை பார்த்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்றான் மகன்.

"வழவழன்னு இருக்கு" என்றார் உண்மையாக. பிறகு மனைவியிடம், "பாத்தா காளான்னு சொல்ற மாதிரி இருக்கா?"

"இருக்கு. நான் சொன்ன சொல் சொன்னதுதான். ரூம் காளானுக்கு."

அந்த ராத்திரி அவர் குறட்டை விட்டுத் தூங்கியதாகத் தையல்காரம்மா மறுநாள் எல்லோரிடமும் சொன்னாள்.

கிளினிக்கில் மாடு எத்தனை என்று கேட்ட பேஷண்ட் தனக்கும் காளான் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கீழ்வீட்டுக்காரர் தன் மனைவிக்கு என்று கேட்டார். அலமாரி போதாது, பக்கவாட்டிலும் பை தொங்கவிடலாம் என்று மருமகள் யோசனை சொன்னாள். ஆளாளுக்கு அறைக்குள் எட்டிப் பார்ப்பதும் தெளிப்பதுமாக இருந்தார்கள். கதவைச் சாத்துகிறவர் மட்டும் அவர்.

அப்படி இருக்கும்போது மெஷின் வந்தது. இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று, எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். லிஃப்ட்காரர் எழுந்து ஸ்டோர் ரூம் கதவை ஒட்டி நின்றார். தையல்காரம்மா ஸ்டோர் ரூம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நடையில போடுங்க. அந்தக் கதவை ஒட்டி. பிளக்கு அங்கே இருக்கு."

அவர்கள் ஸ்டூலைத் தூக்கினார்கள். "இது எங்கம்மா போகுது?"

"என்கிட்ட குடுங்க" என்றார் லிஃப்ட்காரர்.

மெஷின் அந்த இடத்துக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. அதைத் தாண்டிக் குளியலறைக்கு ஆள் ஒருக்களித்துப் போகலாம். ஸ்டோர் ரூம் கதவைத் திறக்க அவ்வளவு இடம் போதும். ஆனால் ஒரு ஸ்டூலுக்கு இடம் இல்லை. அவர் அதை நிமிர்த்தியும் சாய்த்தும் வைத்துப் பார்த்தார். ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தார். உள்ளே புதிதாகத் தொங்கவிட்ட பைகள், ஜன்னலிலிருந்து வந்த காற்றில் லேசாக ஆடின. குனிந்து மெதுவாக மூச்சு விட்டுப் பார்த்தார். அப்புறம் தானே கதவைச் சாத்தினார்.

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். பள்ளிக்கூடச் சீருடை தைக்க மகளையும் கூட்டிக்கொண்டு அளவு கொடுக்க வந்திருந்த ஒரு பெண் கண்ணாடி முன்னால் நின்றாள். தையல்காரம்மா முட்டி போட்டு உட்கார்ந்து அவள் துணியின் விளிம்பில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள்.

"இந்தா" என்றார் லிஃப்ட்காரர்.

"ம்ம்?"

"ரூமை ஜெயிச்சாச்சு."

"ம்ம்."

"நடையில மெஷின்."

"ம்ம்."

"அப்ப நான் எங்கதான் உக்காரறது?"

இதைக் கேட்க அவருக்கு இத்தனை காலம் ஆகியிருந்தது. கேட்டபோது கதவைப் பார்த்துக் கேட்கவில்லை. அவளைப் பார்த்துக் கேட்டார். அந்தச் சின்னப் பெண்கூட நிமிர்ந்து அவரையும் அவர் தோளிலிருந்த ஸ்டூலையும் பார்த்தது.

தையல்காரம்மாவின் வாயில் இரண்டு குண்டூசிதான் மிச்சம் இருந்தது. அவள் கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். மேஜை, மெஷின், கண்ணாடி, மூட்டை. படுக்கையறையில் மகனின் குறட்டை. பிறகு பெட்டியிலிருந்து இன்னும் நாலு குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

கண்ணாடி முன்னால் நின்றவள் அளவெடுக்கக் கைகளை விரித்தாள். டேப் கழுத்திலிருந்து இறங்கியது. லிஃப்ட்காரர் ஸ்டூலோடு வெளியே போய், கதவைச் சாத்தினார்.